அயர்லாந்தின் பாரம்பரியச் சின்னங்கள், அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்கள்: திட்டமிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

அயர்லாந்துக்கு வருபவர்கள் பலர் வரைபடத்தை எடுத்து, தீவைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, நாளுக்கு மூன்று இடம் என்று நிரப்பிவிடுகிறார்கள். இந்த நாட்டுக்கு அது ஒத்துவராது. இங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பெரும் பகுதிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், தாவரவியல் பூங்கா, தேசியப் பூங்காக்கள் எல்லாம் இலவசம். நினைத்த நாளில் போகலாம். ஆனால் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் சில இடங்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். அந்தச் சிலவற்றை முதலில் பிடித்துக்கொண்டு மற்றதை வானிலைக்கு விட்டுவிடுங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: விசாவும் மாதமும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசாவைக் காட்டி இங்கே நுழைய முடியாது. இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது: தீவின் வடகிழக்கு மூலையான வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. சாலையில் எல்லைச் சாவடி எதுவும் இருக்காது, பேருந்து நிற்காமல் கடந்துபோகும். ஆனாலும் சட்டப்படி அங்கே போகப் பிரிட்டன் விசா வேண்டும். இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குறிப்போடு வழங்கப்பட்ட விசா இரண்டு பக்கத்துக்கும் செல்லும். விண்ணப்பிக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மாதம் என்றால் மே, ஜூன், செப்டம்பர். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக் கூட்டம். நவம்பர் முதல் மார்ச் வரை கிராமப்புறச் சின்னங்கள் பலவற்றின் கதவு மூடியிருக்கும். குளிர்காலத்தில் வந்தால் டப்ளினில் தங்கி அருங்காட்சியகங்களைப் பாருங்கள், அதுவே நிறைவான பயணம்.

படி 2: முதலில் பதிய வேண்டிய மூன்று இடங்கள்

*நியூகிரேஞ்ச்.* ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். டப்ளினுக்கு வடக்கே, போய்ன் ஆற்றின் வளைவில் உள்ள புதைமேடு இது. கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது, எகிப்தின் பெரிய பிரமிடுகளுக்கும் முந்தையது. சுமார் 85 மீட்டர் குறுக்களவுள்ள மேட்டின் அடியைச் சுற்றி 97 பெரிய கற்கள். உள்ளே 19 மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய கல்வழி போய், ஓர் அறையில் முடிகிறது. சுண்ணச்சாந்து எதுவும் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று சற்றே உள்வாங்கி அடுக்கிய கற்களால் ஆன அறையின் கூரை, 5,000 ஆண்டுகளாக ஒழுகவில்லை.

வாசலுக்கு மேலே சிறு பெட்டி போன்ற ஒரு திறப்பு உண்டு. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் உதிக்கும் சூரியனின் ஒளி அதன் வழியாக நுழைந்து, வழி நெடுகத் தவழ்ந்து, உள்ளறையைத் தொடும். சுமார் 17 நிமிடம் நிற்கும். அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே காத்திருந்து இதைக் கண்டார். அந்த விடியலில் உள்ளே நிற்க இப்போது குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற நாட்களில், விளக்கை அணைத்துவிட்டு, மின்னொளியால் அந்தக் காட்சியைக் காட்டுவார்கள். செயற்கை ஒளிதானே என்று எண்ண வேண்டாம். கும்மிருட்டில் தரையில் ஒரு கோடு மெல்ல நீண்டு வரும்போது யாரும் மூச்சுகூட விடுவதில்லை.

பதியும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, காரை ஓட்டிக்கொண்டு நேரே மேட்டுக்குப் போக முடியாது. ஆற்றின் தென்கரையில், டொனோர் கிராமத்துக்கு அருகே உள்ள புரூ ந போன்யா வரவேற்பு மையத்துக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய பேருந்தில்தான் செல்ல வேண்டும். இரண்டாவது, டிக்கெட் வகைகளில் உள்ளறைக்குள் நுழைய அனுமதி உள்ளது எது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்; வெளியிலிருந்து மட்டும் பார்க்கும் வகையும் உண்டு. வழி மிகக் குறுகல், ஓரிடத்தில் குனிந்து ஒருக்களித்துப் போக வேண்டும். அடைபட்ட இடம் என்றால் பயப்படுபவர்கள் பக்கத்திலுள்ள நௌத் மேட்டைப் பார்க்கலாம். வெளிக்கற்களில் சுருள்களும் வளைகோடுகளும் செதுக்கிய பெருந்தொகுதி அங்கேதான் இருக்கிறது. நியூகிரேஞ்சின் முகப்பில் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் படிகக்கல் சுவர் 1970-களில் மறுபடி எழுப்பியது. கற்கள் பழையவை, ஆனால் அவை ஆதியில் இப்படிச் செங்குத்தாக நின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வழிகாட்டியிடம் நல்ல கேள்வி கேட்கலாம்.

*கில்மைனம் சிறை.* டப்ளின் நகருக்குள்ளேயே இருக்கிறது. 1796-இல் திறந்து 1924-இல் மூடப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்கள் 14 பேரை இதன் கல்லுடைக்கும் முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஜோசப் பிளங்கெட் தண்டனைக்குச் சில மணி நேரம் முன்பு, சிறையின் தேவாலயத்தில் கிரேஸ் கிஃபர்டை மணந்தார். காயம்பட்டு நிற்க முடியாமல் இருந்த ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். அதுவரை எழுச்சியைப் பெரிதாக ஆதரிக்காத பொதுமக்களின் மனத்தைத் திருப்பியது இந்தக் கொலைகள்தான். கைவிடப்பட்டு இடிந்துகொண்டிருந்த சிறையை 1960 முதல் தன்னார்வலர்கள் தம் கையால் சீரமைத்துக் காப்பாற்றினார்கள். வழிகாட்டியுடன்தான் உள்ளே போக முடியும். டிக்கெட் சில வாரங்களுக்கு முன் இணையத்தில் வெளியாகும், வந்த வேகத்தில் போய்விடும். கிடைக்காதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம்: ரத்தான இடங்களை அன்றன்று காலையில் இணையத்தில் விடுவார்கள், அப்போது பாருங்கள்.

*ஸ்கெல்லிக் மைக்கேல்.* கெர்ரி கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் கூராக எழுந்து நிற்கும் பாறைத்தீவு. ஆதிக் கிறித்தவத் துறவிகள் இங்கே தேன்கூடு வடிவில் கற்குடில்கள் கட்டி நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். குடில்களை அடைய 618 கற்படிகள். கைப்பிடி கிடையாது, கழிவறை கிடையாது, ஒதுங்க நிழல் கிடையாது. மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரைதான் இறங்க விடுவார்கள், அதுவும் நாளொன்றுக்கு 180 பேர் அளவில். படகுகள் பெரும்பாலும் போர்ட்மகீயிலிருந்து புறப்படும். ஒருவருக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். கடல் பொங்கினால் காலையில் ரத்து செய்துவிடுவார்கள். அதனால் அந்தப் பகுதியில் ஒரு நாள் மட்டும் தங்கும்படி திட்டமிடாதீர்கள். முழங்கால் வலி, தலைசுற்றல், சின்னப் பிள்ளைகள் என்றால் இறங்க முயல வேண்டாம். தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகில் போகலாம். அது பக்கத்திலுள்ள சின்ன ஸ்கெல்லிக்கையும் சுற்றும், ஆயிரக்கணக்கான வெள்ளைக் கடற்பறவைகள் பாறையை மூடியிருக்கும். பஃபின் பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் போய்விடுங்கள், ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை கடலுக்குத் திரும்பிவிடும்.

படி 3: பாரம்பரிய அட்டை வாங்கலாமா?

அரசின் பொதுப்பணி அலுவலகம் நடத்தும் சின்னங்களுக்கு ஓராண்டு செல்லும் ஹெரிடேஜ் கார்டு விற்கிறார்கள். முதல் சின்னத்தின் கவுன்டரிலேயே வாங்கலாம். நியூகிரேஞ்ச், கில்மைனம், கேஷல் பாறை, கில்கெனி கோட்டை, கிளான்மக்னாய்ஸ், ராஸ் கோட்டை எல்லாம் இதில் அடக்கம். நான்கைந்து இடங்களுக்கு மேல் போகப்போகிறீர்கள் என்றால் தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பாருங்கள், அட்டைதான் லாபமாக வரும். மாணவர் அட்டை, குடும்ப அட்டை இன்னும் மலிவு. ஆனால் அட்டை இருந்தாலும் நியூகிரேஞ்சுக்கும் கில்மைனத்துக்கும் நேரத்தை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். டிரினிட்டி கல்லூரியின் கெல்ஸ் சுவடி (வண்ண ஓவியங்களோடு கையால் எழுதிய பழங்காலக் கிறித்தவ வேத ஏடு), மோஹர் செங்குத்துப் பாறைகள் போன்றவை வேறு நிர்வாகங்கள். அங்கே இந்த அட்டை செல்லாது.

படி 4: ஊர் சுற்றும் முன் கில்டேர் தெரு

இது என்னுடைய உறுதியான ஆலோசனை: டப்ளினை விட்டுக் கிளம்புவதற்கு முன் கில்டேர் தெருவிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். பிறகு நீங்கள் காரிலோ ரயிலிலோ கடக்கப்போகும் வயல்களிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் எடுத்தவை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இவற்றைப் பார்த்தபின் அந்த நிலம் வேறு மாதிரி தெரியும்.

கீழ்த்தளத்தில் பொன்னணிகள். கழுத்தில் பிறைபோல அணிந்த வெண்கலக் காலத்துத் தங்கத் தகடுகள், முறுக்கிய கழுத்து வளையங்கள், பிராய்ட்டர் என்ற இடத்தில் கிடைத்த சின்னஞ்சிறு தங்கப் படகு. அடுத்து கருவூல அறை. ஆர்டா கிண்ணத்தை 1868-இல் லிமெரிக்கில் உருளைக்கிழங்கு தோண்டியவர்கள் கண்டெடுத்தார்கள். டாரா ஊசி 1850-இல் மீத் மாவட்டக் கடற்கரைக்கு அருகே கிடைத்தது. டாரா மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விற்ற நகை வியாபாரி வைத்த பெயர் அது. அதன் பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். உடையில் குத்தினால் யார் கண்ணுக்கும் தெரியாத பக்கம், அங்கும் நுணுக்கமான வேலைப்பாடு.

அப்புறம், சதுப்பு மனிதர்கள். அயர்லாந்தின் நடுப்பகுதியில் பாசி மக்கி மக்கிக் கருப்பாகப் படிந்த நிலங்கள் உண்டு. காலங்காலமாக அந்தப் படிவை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். அங்கே ஆக்சிஜன் இல்லை, நீரில் அமிலம் அதிகம், குளிர்ச்சி வேறு. அதனால் உடல் அழுகாமல், தோல் பதனிட்டதுபோல் நின்றுவிடுகிறது. 2003-இல் கிடைத்த இரண்டு உடல்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. கிளானிகாவன் மனிதனின் தலைமுடியில் தாவர எண்ணெயும் பிசினும் கலந்த பூச்சு இருந்தது. அந்தப் பிசின் பிரான்சின் தென்மேற்கிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்தது என்கிறார்கள். ஓல்ட்கிராஹன் மனிதனின் கைவிரல் ரேகைகூடத் தெளிவாக இருக்கிறது. இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டவர்கள். பழைய அரசுகளின் எல்லையில் பலியிடப்பட்டவர்கள் என்பது அருங்காட்சியகத்தின் விளக்கம். சுருள் வடிவத் தடுப்புக்குள் வைத்திருப்பதால் வேண்டாதவர்கள் பார்க்காமல் போகலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் தாங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஞாயிறு, திங்களில் தேசிய அருங்காட்சியகக் கிளைகள் மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும். அந்தக் காலைகளை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். மெரியன் தெருவின் இயற்கை வரலாற்றுக் கட்டடம் 2024-இல் சீரமைப்புக்காக மூடப்பட்டது, போகும் முன் விசாரியுங்கள்.

டப்ளின் கோட்டை வளாகத்திலுள்ள செஸ்டர் பீட்டி நம்மவர்கள் பலர் அறியாத இடம். சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் செஸ்டர் பீட்டி தம் சேகரிப்பை இந்த நாட்டுக்கு விட்டுச் சென்றார். முகலாயச் சிற்றோவியங்கள், குர்ஆன் பிரதிகள், கிறித்தவ வேதத்தின் மிகப் பழைய பாப்பிரஸ் ஏடுகள், ஜப்பானியச் சுருள்கள் எல்லாம் அடுத்தடுத்து. கெல்ஸ் சுவடிக்கு டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் இது.

படி 5: பஞ்சத்தின் தடம்

1845 முதல் 1852 வரையான பெரும்பஞ்சத்தைப் புரிந்துகொள்ளாமல் அயர்லாந்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். தீவின் மக்கள்தொகை 1841-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது, அந்த அளவை இன்றுவரை மறுபடி எட்டவில்லை.

கிளாஸ்னெவின் தாவரவியல் பூங்காவிலிருந்து தொடங்கலாம். 1795-இல் நிறுவியது, கட்டணமில்லை, வளைந்த இரும்புச் சட்டக் கண்ணாடி மாளிகைகள் அழகு. பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்குக் கருகல் நோயை 1845 ஆகஸ்டில் இதே தோட்டத்தில்தான் அதன் பொறுப்பாளர் டேவிட் மூர் கண்டார். அங்கிருந்து, நேரம் இருந்தால், ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையின் பஞ்ச அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பண்ணையின் பழைய காகிதங்கள் அப்படியே அகப்பட்டதால் உருவானது அது. குடியானவர்கள் எழுதிய விண்ணப்பங்களைப் படிக்கும்போது எண்ணிக்கைகள் ஆட்களாக மாறிவிடுகின்றன. 1847-இல் அந்தப் பண்ணையிலிருந்து 1,490 பேரை டப்ளின் வரை நடத்திக் கூட்டிச் சென்று, கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்கள் நடந்த வழி இப்போது 165 கிலோமீட்டர் நடைபாதையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

நகருக்குள்ளேயே இருக்க விரும்பினால் 14 ஹென்ரியட்டா தெரு. 1740-களின் இறுதியில் பிரபுவுக்காகக் கட்டிய மாளிகை, பிற்பாடு அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டு, 1911-இல் அதற்குள் 100 பேர் வாழ்ந்தார்கள். வழிகாட்டியுடன் மட்டுமே சுற்றிப் பார்க்கலாம். மேயோ மாவட்டம் காசல்பார் பக்கம் போகிறவர்கள் டர்லாவிலுள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள்: கூடை, கலப்பை, வைக்கோல் வேடம் என்று சாதாரண மக்களின் பொருட்கள், கூட்டமே இருக்காது.

படி 6: மடாலயங்களில் எதை எடுப்பது

எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, ஒன்று போதும். கார் இல்லாதவர்களுக்கு கிளெண்டலாக். டப்ளினிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடம், 30 மீட்டர் உயர உருளைக் கோபுரம், இரண்டு ஏரிகள். இடிபாடுகளுக்குள் போகக் கட்டணமில்லை. கால் வலு உள்ளவர்கள் ஸ்பின்க் மலைவழியில் மரப்பலகைப் படிகளேறி மேல் ஏரியை உச்சியிலிருந்து பார்க்கலாம்; அதற்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கோடை வார இறுதிகளில் கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பும். கார் இருந்தால் ஷானன் ஆற்றங்கரையின் கிளான்மக்னாய்ஸ். 10-ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவையின் மூலத்தை மழைக்குப் பயந்து உள்ளே வைத்திருக்கிறார்கள், வெளியே நிற்பது நகல்.

படி 7: ஒரு தேசியப் பூங்கா, இரண்டு முழு நாட்கள்

கிலார்னி நாட்டின் முதல் தேசியப் பூங்கா. மக்ரஸ் பண்ணை 1932-இல் அரசுக்குத் தானமாக வந்ததிலிருந்து தொடங்குகிறது. டப்ளினிலிருந்து ரயிலில் போய்விடலாம், ஊரிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ராஸ் கோட்டை, 1448-இல் நிறுவிய மக்ரஸ் மடம், அதன் உள்முற்றத்தின் நடுவே நிற்கும் பழைய யூ மரம், மக்ரஸ் மாளிகை, டோர்க் அருவி: இந்த வரிசையில் ஒரு நாள் நன்றாகப் போகும். மறுநாள் படகில் ஏரிகளைக் கடந்து டன்லோ கணவாய். காட்டுக்குள் கரும்பச்சைப் புதராக அடர்ந்து, ஜூன் வாக்கில் ஊதாப் பூ பூத்து நிற்பது ரோடோடெண்ட்ரான். அழகுக்கு என்று கொண்டுவந்து நட்டது, இன்று பழைய ஓக் காட்டின் அடியில் எந்தக் கன்றும் முளைக்க விடாமல் நெரிக்கிறது. அதை வெட்டி அகற்றப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள்.

கிளேர் மாவட்டத்தின் பரன் இதற்கு நேர்மாறான நிலம். மரமே இல்லாத சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல் தளம், இடையிடையே வெடிப்பு. குனிந்து பார்த்தால் ஆர்க்டிக் குளிர்ப்பகுதிச் செடியும் மத்தியதரைக்கடல் செடியும் ஒரே வெடிப்பில் வளர்ந்திருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பூக்கும் நீல ஜென்ஷியனுக்காகவே வருபவர்கள் உண்டு. இந்தப் பூக்களைக் காப்பதில் மாடுகளுக்குப் பங்கு இருக்கிறது: மற்ற ஊர்களில் கோடையில் மலையேற்றுவார்கள், இங்கே குளிர்காலத்தில் ஏற்றுகிறார்கள். அவை முற்றிய புல்லை மேய்ந்துவிடுவதால் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பூல்னபிரோன் கற்திட்டையும் இங்கேதான். அகழாய்வில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான ஈமச்சின்னம் அது. அங்கே தரைக்கல்லைப் பெயர்த்துக் குட்டிக் கோபுரம் அடுக்கி வைக்காதீர்கள். கல்லடியில் வாழும் உயிர்களும் செடிகளும் அழிகின்றன.

படி 8: கிளம்பும் நாளில்

குடையை நம்பாதீர்கள், மேற்குக் காற்றில் அது நிற்காது. தொப்பி வைத்த மழைச்சட்டையும், ஈரம் புகாத பிடிப்புள்ள காலணியும் போதும். மான் உலவும் காடுகளில் உண்ணிகள் இருக்கும். முழுக்கால்சட்டை போட்டு, மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவின் மான்களுக்கு எதுவும் ஊட்டக் கூடாது. மோஹர் பாறைகளின் விளிம்பில் புல் மூடியிருந்தாலும் அடியில் மண் அரித்திருக்கலாம், செல்ஃபிக்காக வேலியைத் தாண்ட வேண்டாம்.

வாகனம் நம் ஊர்போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது ஒரு வசதி. ஆனால் கிராமச் சாலைகள் ஒற்றை வண்டி அகலம். எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிட்டு, விரலைத் தூக்கி ஒரு வணக்கம் வைப்பது அங்கத்து வழக்கம். வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்கள் மேற்குக் கரைக்குப் போகும்போது கையில் சாப்பாடு வைத்துக்கொள்வது நல்லது, சிற்றூர் உணவகங்களில் சமையலறையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

படி 9: விசா இருந்தால் வடக்கே

ஆன்ட்ரிம் மாவட்டக் கரையில் ஜயன்ட்ஸ் காஸ்வே. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி வெடித்ததில் உண்டான 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். நம் கால்டுவெல் 1814-இல் பிறந்தது இந்த ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான். இடையன்குடிக்கும் இந்தக் குளிர்காற்றுக்கும் உள்ள தூரத்தை இங்கே நின்றால் உணரலாம். பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலில் கோல்ரெய்ன் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். வடக்கே பணம் பவுண்டு, வேகப்பலகைகள் மைலில். வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப்போகலாமா என்று முன்பே கேளுங்கள். காஸ்வேயில் கட்டணம் வரவேற்பு மையத்துக்கும் கார் நிறுத்தத்துக்கும்தான். கற்களுக்கு நடந்துபோகப் பொதுவழி திறந்திருக்கிறது. அலைபட்டுக் கறுத்திருக்கும் கற்கள் மிகவும் வழுக்கும், அவற்றில் கால் வைக்காதீர்கள்.